அளவுகோல் மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது: திறந்த தரவை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திறந்த அரசுத் தரவை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அரசாங்கங்கள் வெளியிடும் விவரங்களை, உலகெங்கும் அளந்து நாடுகளை வரிசைப்படுத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

ஓப்பன் டேட்டா வாட்ச் அமைப்பு ஈராண்டுக்கு ஒருமுறை வெளியிடும் ஓப்பன் டேட்டா இன்வென்டரியின் 2024/25 பட்டியலில் மலேசியாவுக்கு உலகத்தில் முதலிடம். அதற்கு முந்தைய பட்டியலில் 67ஆம் இடம். எங்கள் புள்ளிவிவரத் துறை அதற்குப் பிறகு விட்ட பத்திரிகை அறிக்கைகளின் அடியில் எல்லாம் இந்தச் சேதியைப் பெருமையோடு போட்டுக்கொண்டது. போட்டுக்கொள்ளட்டும், உழைத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். முதலிடம் கொடுத்தது தப்பு என்று சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. முதலிடம் வாங்கிய நாட்டின் ஒரு ரப்பர்த் தோட்டப் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் ஊரைப் பற்றிய நாலு சாதாரணக் கேள்விக்குப் பதில் தேடும் ஒருவன் எங்கே முட்டி நிற்கிறான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். பேராக் மாநிலம், கோலகங்சார் மாவட்டம், ஈப்போவுக்கு வடக்கே. 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்தது. வரலாற்றுப் புத்தகங்கள் அதோடு எங்கள் ஊரை முடித்துக்கொள்ளும். நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். காலைப் பெரட்டில் தொழிலாளிகளின் பேர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு எழுதி, ரப்பர் பால் நிறுத்துக் காலம் கழிந்தது. இப்போது ஊரில் யாருக்காவது பாரம் நிரப்ப வேண்டும், மனு எழுத வேண்டும் என்றால் என் வீட்டுக்கு வருவார்கள். ஆக, கணக்கு எடுக்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன், கணக்கில் எடுக்கப்படும் பக்கத்திலும் இருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சின்ன விஷயம் இல்லை. 2021 ஜூலையில், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, சுகாதார அமைச்சு தன் அன்றாடக் கணக்கைக் கிட்ஹப் என்ற கோப்புப் பகிரும் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி போட ஆரம்பித்தது. அதற்கு முன் நாங்கள் பார்த்தது ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில் வரும் படங்கள்தான். படத்தில் இருக்கும் எண்ணைக் கூட்டிக் கழிக்க முடியாது. கோப்பாக வந்ததும் கணினி தெரிந்த பிள்ளைகள் வரைபடம் போட்டார்கள், அமைச்சின் கணக்கையே கேள்வி கேட்டார்கள், அமைச்சும் பதில் சொன்னது. அப்புறம் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளம் வந்தது, அரசாங்கத்தின் பொதுத் தரவுத் தளமான டேட்டா டாட் கவ் டாட் மை புதுப்பித்து வந்தது. இன்று எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாளில் எத்தனை பேர் ரத்ததானம் செய்தார்கள் என்று பார்க்கலாம். பிரைஸ்கேட்சர் என்ற விலைக் கண்காணிப்புத் தரவில் கோழி, முட்டை, மீன், காய்கறி விலை கடை வாரியாக, நாள் வாரியாக இருக்கிறது. மாநில வாரியாக இல்லை, மாவட்ட வாரியாக இல்லை, கடை வாரியாக! இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நுணுக்கமாகத் தரவு வெளியிட இந்த நாட்டுக்குத் தெரியும், முடியும், செய்தும் காட்டிவிட்டது.

சரி, உங்கள் அளவுகோலுக்கு வருவோம். இன்வென்டரி எப்படி மார்க் போடுகிறது என்று படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வகைப் புள்ளிவிவரத்துக்கும் இரண்டு பக்கம். தரவு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது ஒரு பக்கம், எவ்வளவு திறந்திருக்கிறது என்பது இன்னொரு பக்கம். திறந்திருப்பதற்கு, கணினி படிக்கக்கூடிய கோப்பா, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லாமல் திறக்க முடியுமா, பதிவிறக்க வழி என்ன, எப்படி எடுத்த கணக்கு என்ற விளக்கம் இருக்கிறதா, பயன்படுத்த என்ன நிபந்தனை என்று ஐந்து சோதனை. நியாயமான சோதனைகள். நிறைவுக்கும் ஐந்து. அதில் கடைசி இரண்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்: முதல் நிர்வாக நிலை அளவில் தரவு இருக்கிறதா, இரண்டாம் நிர்வாக நிலை அளவில் இருக்கிறதா. எங்கள் நாட்டில் முதல் நிலை என்றால் மாநிலம், இரண்டாவது மாவட்டம். மாவட்டம் வரை இருந்தால் முழு மார்க். அதற்குக் கீழே இறங்கிப் பார்க்க உங்களுக்கு வேலை இல்லை.

எங்கள் மாவட்டம் கோலகங்சார் என்றேன். அது பேராக் சுல்தானின் அரச நகரம். அரண்மனை, பேர்பெற்ற மலாய்க் கல்லூரி, ஆற்றங்கரைப் பூங்கா எல்லாம் அங்கே. சுங்கை சிப்புட்டும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களும் அதே மாவட்டத்தில் சேர்ந்தவை. இரண்டையும் கலந்து ஒரு சராசரி எடுத்தால் வருகிற எண் அரண்மனைப் பக்கத்துக்கும் பொருந்தாது, தோட்டத் தொழிலாளிகளின் லயத்து வரிசை வீட்டுக்கும் பொருந்தாது. இதில் புள்ளிவிவரத் துறை உங்களை முந்திக்கொண்டது என்றும் சொல்ல வேண்டும். அவர்களுடைய காவாசான்கூ (என் வட்டாரம்) இணையப் பக்கத்தில் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி வரை இறங்கிப் பார்க்கலாம். எங்கள் பக்கத்துச் சட்டமன்றத் தொகுதிகளான லிந்தாங் எப்படி, ஜாலோங் எப்படி என்று 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களைத் தட்டிப் பார்க்கலாம். உங்கள் அளவுகோல் கேட்காததையும் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சட்டமன்றத் தொகுதி என்பதும் பட்டணம், தாமான் (வீடமைப்புப் பகுதி), கம்போங் (மலாய்க் கிராமம்), சீனர் புதுக்கிராமம், தோட்டம், ஓராங் அஸ்லி (பழங்குடி) குடியிருப்பு எல்லாம் கலந்த கூட்டுதான்.

பால் நிறுத்தவர்களுக்கு ஒன்று தெரியும். இரண்டு பேர் ஒரே எடைப் பால் கொண்டுவருவார்கள். தராசு இரண்டையும் ஒன்று என்று சொல்லும். மெட்ரோலாக் என்ற கருவியை உள்ளே விட்டால்தான் எதில் எவ்வளவு காய்ந்த ரப்பர் இருக்கிறது, எதில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். உங்கள் பட்டியல் வாளியின் எடையைச் சரியாகவே சொல்கிறது.

2007 டிசம்பரில் கலிபோர்னியாவின் செபஸ்டபோல் ஊரில் முப்பது பேர் அளவில் கூடி, அரசுத் தரவு எப்போது திறந்த தரவாகும் என்று எட்டு விதிகள் எழுதினார்கள். உங்கள் எல்லா அளவுகோலுக்கும் அடிப்படை அதுதான். அதன் இரண்டாம் விதி, தரவு மூலத்தில் எடுத்தபடியே, முடிந்தவரை மிக நுணுக்கமான நிலையில் வெளிவர வேண்டும், கூட்டிச் சுருக்கிய வடிவில் அல்ல என்கிறது. எட்டு விதிகளில் இது ஒன்றைத்தான் உலகமெல்லாம் சத்தமில்லாமல் ஓரங்கட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம். காரணமும் புரிகிறது. கோப்பு கணினி கணக்குப் போடக்கூடிய சிஎஸ்வியா, கண்ணால் படிக்க மட்டும் உதவும் பிடிஎஃபா என்று தூரத்தில் இருந்தே பார்த்துச் சொல்லலாம். நுணுக்கம் போதுமா என்று சொல்ல அந்த ஊரில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இன்வென்டரி அளப்பது அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்களை. ஓர் அரசாங்கத்தின் கையில் இருப்பது புள்ளிவிவரம் மட்டும் இல்லையே. நிலப் பதிவேடு இருக்கிறது, குத்தகை ஒப்பந்தங்கள் இருக்கின்றன, செலவுக் கணக்கு இருக்கிறது. இதையெல்லாம் பார்த்த அளவுகோலும் ஒரு காலத்தில் இருந்தது. வேர்ல்ட் வைட் வெப் ஃபவுண்டேஷன் 2013இல் தொடங்கிய ஓப்பன் டேட்டா பாரோமீட்டர், நாட்டுக்கு 15 வகைத் தரவை எடுத்துப் பார்த்தது. நில உரிமை அதில் ஒன்று. 2017இல் வந்த நாலாவது பதிப்பில் 115 நாடுகளின் 1,725 தரவுத்தொகுப்புகளைச் சோதித்துவிட்டு, பத்தில் ஒன்பது திறந்தவை அல்ல என்று போட்டு உடைத்தார்கள். அந்த வரிசையில் மலேசியா முன்னணியில் இல்லை. ஓப்பன் நாலெட்ஜ் அமைப்பின் குளோபல் ஓப்பன் டேட்டா இண்டெக்ஸ் நில உரிமையோடு தண்ணீரின் தரத்தையும் ஒரு வகையாக வைத்திருந்தது. அதில் தைவான்தான் கடைசியில் முதலிடம். இந்த இரண்டு அளவுகோலும் இப்போது இல்லை. இண்டெக்ஸ் 2016/17 பதிப்போடு ஓய்ந்தது, பாரோமீட்டர் 2018இல் முப்பது அரசாங்கங்களை மட்டும் பார்த்துவிட்டு நின்றது. 2022இல் குளோபல் டேட்டா பாரோமீட்டர் என்று புது வடிவில் 109 நாடுகளைப் பார்த்தார்கள், நிலத்துக்கும் அதில் தனிப் பகுதி இருந்தது. நல்லது. ஆனால் கேள்வியும் நாடுகளும் மாறிவிட்டதால் பழையதோடு ஒட்டிப் பார்க்க முடியவில்லை. அரசாங்கங்கள் தரவைத் தொடர்ச்சியாக வெளியிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் தங்கள் அளவையே தொடர்ச்சியாக வைத்துக்கொள்ளவில்லை என்றால் எங்களைப் போன்றவர்கள் யாரைப் பிடித்துக்கொள்வது? பணம் இல்லாமல்தான் நின்றிருக்கும், தெரியும். இருந்தாலும் கேட்கத்தான் தோன்றுகிறது.

நிலத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், தோட்டத்து மக்களின் கதையே நிலம்தான். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பேர். அதில் வேலையும் போய் வீடும் போன குடும்பங்கள் ஏராளம். எங்கள் ஊரில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதனால்தான். மாசம் பத்து வெள்ளியாகத் தொழிலாளிகளிடம் பங்குப் பணம் சேர்த்து, தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார அறிஞர் உங்கு அஜிஸ் இந்தத் துண்டாடலைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தினார். துண்டாடல் என்று ஊர் புலம்பியது தரவாக மாறியது அப்போதுதான்.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் வேடிக்கை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று வந்தது. தோட்டத்தில் எத்தனை தமிழ்த் தொழிலாளி வேலை செய்கிறார்கள் என்ற கணக்கை வைத்து முதலாளிகளிடம் காலாண்டுக்கு ஒருமுறை வரி வாங்கினார்கள். ஆள் கொண்டுவரும் செலவுக்கு அது. தோட்டம் வாரியாகத் தலைக்கணக்கு இல்லாமல் அந்த வரியை எப்படிப் போட்டிருக்க முடியும்? ஆக, தோட்டத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுவது முடியாத காரியம் இல்லை. தேவைப்பட்டவர்கள் எண்ணினார்கள்.

இன்று ஒரு தோட்டம் கைமாறுவது குடியிருப்பவர்களுக்கு எப்படித் தெரிகிறது? பெரும்பாலும் சர்வேயர் வந்து குச்சி நடும்போது. சில சமயம் வக்கீல் கடிதம். அதற்கு முன்பே பேச்சு வார்த்தை முடிந்து, பணம் கைமாறி, நில வகையை மாற்றுவதற்கு மனுவும் போயிருக்கும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வழி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நில அலுவலகத்தில் காசு கட்டித் தேடலாம். ஆனால் பட்டா எண்ணோ நிலத்துண்டின் லாட் எண்ணோ தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை லயத்து ஆட்கள் சிலரோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். முகப்பில் இருந்த பிள்ளை மரியாதையாகவே கேட்டது, எந்த லாட் அங்கிள் என்று. அங்கேயே பிறந்து வளர்ந்த கிழவிக்கு அந்த எண் எப்படித் தெரியும்? ஒரு தோட்டம் என்பது ஒரு பட்டாவும் இல்லை, பல பட்டாக்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். நகரத் திட்டமிடல் இலாகாவான பிளான்மலேசியாவின் ஐபிளான் இணைய வரைபடத்தைத் திறந்தால் எந்த நிலம் விவசாயத்துக்கு, எது குடியிருப்புக்கு என்று வண்ணம் போட்டுக் காட்டும். நல்ல சேவைதான், ஆனால் உரிமையாளர் பெயரை அது சொல்லாது.

இதில் என்னை உறுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது. செம்பனை எண்ணெய், ரப்பர், மாடு, கொக்கோ, காப்பி, சோயா, மரம் ஆகிய ஏழும் அதில் வருகின்றன. இவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்ப, விளைந்த நிலத்தின் புவி ஆயத்தொலைகளைக் கொடுத்தாக வேண்டும். அமலுக்கு வரும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலும், அதற்கான தயாரிப்பில் நிலத்தின் எல்லை துல்லியமாகப் பதிவாகிறது. ஆக, நாங்கள் பால் வெட்டிய மரமும் குலை அறுத்த செம்பனையும் எங்கே நிற்கிறது என்று ரோட்டர்டாமில் இருக்கும் வியாபாரிக்குத் தெரியும். அதே நிலத்தின் ஓரத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிற குடும்பத்துக்கு அந்த நிலம் போன மாசம் யாருக்கு விற்கப்பட்டது என்று தெரியாது. கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் 1877இல் வந்த கன்றுகளில் ஒன்று என்று ஒரு ரப்பர் மரத்துக்குப் பலகை வைத்து வேலி போட்டிருக்கிறார்கள். மரங்களுக்கு இந்த மாவட்டத்தில் எப்போதுமே பதிவு உண்டு.

தண்ணீரும் பள்ளியும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் குழாய்த் தண்ணீர் உண்டா என்று கணக்கெடுப்பில் கேட்டால் தோட்டத்துக்காரர் உண்டு என்றுதான் சொல்வார். அது பொதுக் குழாயிலிருந்து வருகிறதா, தோட்ட நிர்வாகத்தின் தொட்டியிலிருந்து வருகிறதா, அந்தத் தொட்டித் தண்ணீரை யார் எப்போது சோதித்தார்கள் என்பது வேறு கேள்வி. தமிழ்ப்பள்ளிகள் 1957இல் 880க்கும் மேல் இருந்தன, இன்று ஏறக்குறைய 530. பள்ளியின் பெயர், இடம், மாணவர் எண்ணிக்கை கல்வியமைச்சின் பட்டியலில் இருக்கிறது. பல பள்ளிகள் இன்னும் தோட்ட நிலத்தில், அதாவது இன்னொருவர் நிலத்தில், நிற்கின்றன. தோட்டம் விற்கப்படும்போது பள்ளி நிலம் என்ன ஆகும் என்பதைப் பெற்றோர் வதந்தியாகத்தான் கேள்விப்படுகிறார்கள். கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் அதே நிலை.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும். இவ்வளவு கீழே இறங்கினால் தனிமனித ரகசியம் என்ன ஆவது? சரியான கேள்வி. பத்து வீடு மிச்சமிருக்கிற லயத்தில் சராசரி வருமானம் என்று ஓர் எண் போட்டால், யார் வீட்டில் எவ்வளவு என்று ஊரே பிரித்துச் சொல்லிவிடும். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர் எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால் அவர்களுக்கு ஆபத்துதான். அதைக் கேட்கவில்லை. ஆள் கணக்கு வேண்டாம், இடக் கணக்கு கொடுங்கள் என்கிறேன். நிலம் யார் பேரில், குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, தண்ணீர்ச் சோதனை முடிவு என்ன, தொழிலாளர் குடியிருப்புக்குச் சான்றிதழ் உண்டா, இந்தச் சாலைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, வேலை ஒப்பந்தம் யாருக்குப் போனது. இதில் எந்தக் குடும்பத்தின் ரகசியம் வெளியே போகிறது? சொல்லப்போனால் ஆட்களின் விவரம்தான் இங்கே தாராளமாகப் போகிறது. 2024 ஜனவரியில் பாடு என்ற மையத் தரவுத்தளத்தைத் தொடங்கி, மார்ச் முடிவதற்குள் எல்லோரும் பதிய வேண்டும் என்றார்கள். தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான்தான் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தேன். வீடு, வருமானம், கடன், படிப்பு என்று முப்பதுக்கும் மேலான விவரங்கள். கொடுத்தோம். 2025இல் தரவுப் பகிர்வுச் சட்டம் அமலுக்கு வந்தது. பகிர்வு என்றதும் எனக்கு ஆசை வந்தது, படித்துப் பார்த்தால் அது கூட்டரசு (மத்திய அரசு) இலாகாக்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள. விவரம் எங்களிடமிருந்து மேலே போகும் பாதை அகலமாகிக்கொண்டே போகிறது. கீழே வரும் பாதையைத்தான் நீங்கள் அளக்க வேண்டும்.

அடுத்த மறுப்பு, நிலம் மாநில அதிகாரம் என்பது. உண்மை. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. புள்ளிவிவரத் துறை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் பேராக் நிலப் பதிவேட்டை அதனால் திறக்க முடியாது. இதனால் என்ன ஆகிறது? கூட்டரசு வாங்கிய மார்க்கில் மாநிலங்களும் நகராண்மைக் கழகங்களும் குளிர்காய்கின்றன. சிலாங்கூரும் பினாங்கும் மாநில அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் வைத்திருக்கின்றன, எங்கள் பேராக்கில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம் நாடு முழுக்க உண்டு. உங்கள் வரிசையில் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. நாட்டுக்கு ஓர் எண் போடுவதோடு நிற்காமல், நிலமும் தண்ணீரும் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கும் தனியே மார்க் போடுங்கள். பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிட்டு அச்சில் வந்தால் எங்கள் அரசியல்வாதிகளுக்கு அது உறைக்கும். 67லிருந்து ஒன்றுக்கு ஒரே தாவலில் வந்தவர்கள் நாங்கள். அளந்தால் ஓடுவோம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நான் கேட்பது ஒரு சோதனை. ஒவ்வொரு நாட்டிலும் சில சின்ன ஊர்களைக் குலுக்கல் முறையில் எடுங்கள். தலைநகரத்துக்குப் பக்கத்து ஊராகத் தேர்ந்தெடுக்க யாருக்கும் வழி கொடுக்காதீர்கள். அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவர், கையில் இருக்கும் சாதாரண போனில், யார் சிபாரிசும் இல்லாமல், காசு கட்டாமல், நான் மேலே சொன்ன மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எடுக்க முடிந்தால் மார்க். காசு கட்டினால்தான் கிடைக்கும் என்றால் அரை மார்க்கும் வேண்டாம். லாட் எண் தெரிந்தால்தான் தேட முடியும் என்றால் அதையும் தடையாகவே எழுதுங்கள். வரைபடத்தில் விரல் வைத்துத் தேட முடிய வேண்டும். மலாய் தெரியாத ஒரு பாட்டி இதை எப்படிச் செய்வாள் என்று கேட்கக்கூடும். பேரப்பிள்ளை செய்யும். மொழி எங்களுக்குப் பெரிய தடை இல்லை, பதில் இல்லாததுதான் தடை. சோதனைக்குப் பிறகு ஓராண்டு கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். திறப்பு விழாவன்று வேலை செய்யும் இணையப் பக்கங்களை இந்த நாட்டில் நிறையப் பார்த்தாகிவிட்டது.

உங்களில் சிலர் பயன்பாட்டையும் அளக்கிறீர்கள் என்று தெரியும், பழைய பாரோமீட்டரிலேயே தாக்கம் என்று ஒரு பகுதி இருந்தது. அதற்குச் சாட்சியாகப் பத்திரிகைச் செய்தியையும் ஆய்வுக் கட்டுரையையும் தேடுவீர்கள். ஒரு தோட்டத்து மக்கள் நிலம் கைமாறப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, மாற்று வீடு பேசி வாங்கிக்கொண்டால் அது எந்தக் கட்டுரையிலும் வராது. எனக்கு அதைவிடப் பெரிய தாக்கம் தெரியவில்லை.

இடையில் நம் மலேசியத் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசாங்கம் திறக்க வேண்டும் என்று மேடை போட்டுப் பேசும் நம் சங்கங்களும் அறவாரியங்களும் கூட்டுறவுகளும் தங்கள் கையில் உள்ள பட்டியலை வெளியிடுகின்றனவா? எந்தப் பள்ளி யார் நிலத்தில் என்று நம் அமைப்புகளில் சிலருக்குத் தெரியும். எந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பம் வெளியேற்ற நோட்டீஸ் வாங்கியது என்று ஆர்வலர்களின் கோப்பில் இருக்கிறது. எல்லாம் அலமாரியில், பிடிஎஃப்பாகக்கூட இல்லாமல், காகிதமாக. தேர்தல் நேரத்தில் மட்டும் வெளியே எடுப்பதற்கு அது என்ன நகையா? இதை மடலில் சேர்க்க வேண்டாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சேர்த்துவிட்டேன்.

அடுத்த பதிப்புக்கான கேள்வித்தாளை எப்போது தயாரிப்பீர்கள் என்று சொல்லுங்கள். கோலகங்சார் மாவட்டத்தில் இன்னும் குடியிருப்பு உள்ள தோட்டங்கள், மூடிய தோட்டங்கள், பெயர் மாறியவை என்று நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறோம். தோட்டங்களின் பழைய டிவிஷன் (பிரிவு) பெயர்கள், ஊர்க்காரர் கூப்பிடும் பெயர்கள், கம்பெனி வைத்த பெயர்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறோம். கணினிப் பிள்ளை ஒன்று அதைச் சிஎஸ்வியாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. உரிமம் எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். லாட் எண்ணுக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம். அதை நிரப்பித் தரும்படி மாநில அரசுக்குத் தனியாக மனு எழுதியாகிவிட்டது. பதில் வந்தால் அதையும் கோப்பில் சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவன்,
சுங்கை சிப்புட், பேராக்